முதலில் வெளியே போன சீப்பு

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் நாம் பழைய வகுப்புக்காரிகள் ஒரு மூலையில் கூடியிருந்தோம். உங்களில் ஒருத்தி தன் பேத்திக்கு வாய்த்த மாப்பிள்ளை கை நீட்டுவதைச் சொல்லி அழுதாள். "முதல் அடி விழுந்த அண்டைக்கே வெளிய போ எண்டு சொல்லியிருக்கணும்" என்று இன்னொருத்தி சொன்னதற்கு எல்லாரும் தலையாட்டினீர்கள். நான் மட்டும் சஹன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்போது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். என் ராத்தாவுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு கச்சான் காற்றுக் காலம் முழுவதும் தேவைப்பட்டது.

ராத்தா என் ஒரே மூத்த சகோதரி. அவளுக்குக் கலியாணம் நடந்தபோது நான் நாலாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து அதில் குடியேறுகிறவர். வாப்பா வேளாண்மைக் காசில் கட்டிய ஓட்டு வீட்டை ராத்தாவின் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, உம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அதே வளவின் பின்பக்கத்தில் போட்ட கிடுகுக் கொட்டிலுக்குப் போனார். பெரிய வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் கிணறு. அங்கே ஒரு கோப்பை விழுந்தால் இங்கே கேட்கும்.

ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சானுக்குக் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை. மெதுவாகக் கதைப்பார். துணியை விரித்துக் காட்டி, பிடிக்கவில்லை என்றால் முகம் சுளிக்காமல் மடித்து வைப்பார். பெண்கள் அவரிடம்தான் துணி வாங்கப் போவார்கள். உன் ராத்தா கொடுத்துவைத்தவள் என்று என்னிடம் தெருவில் நிறுத்திச் சொன்னவர்களில் உங்கள் உம்மாமாரும் உண்டு. அவர் கைகளில் எப்போதும் புதுத்துணியின் கஞ்சி வாசம் இருக்கும். கடையில் துணி அளக்கப் புதுக் கோல் வாங்கியபோது பழைய இரும்புக் கோலை முதலாளியிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தார். கொசுவலை கட்ட உதவும் என்றார். அறைச் சுவரில் இரண்டு ஆணி அடித்து அதன் மேல் வைத்தார்.

அந்த வருஷம் கச்சான் மோசமாக அடித்தது. மேற்கேயிருந்து வெந்து வரும் அந்தக் காற்று தென்னை ஓலைகளைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தது. ஓடுகள் இரவிலும் சுட்டன. துவைத்த துணியை எடுத்து உதறினால் மண் கொட்டும். சோற்றிலும் மண் இருந்தது. எல்லார் வீட்டுச் சோற்றிலும்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பகல் மச்சான் சாப்பிட உட்கார்ந்தார். நான் ராத்தாவுக்குத் துணையாகத் தண்ணீர்க் குவளையோடு நின்றேன். இரண்டாம் பிடியில் அவர் பல்லில் மண் நெரிந்தது. எனக்கும் கேட்டது. மெல்வதை நிறுத்தினார். சோற்றுக் கோப்பையை ஓரமாக வைத்தார். கையைக் கழுவி, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அறைக்குள் போய் இரும்புக் கோலை எடுத்து வந்தார். கடையில் துணி அளக்கும் அதே நிதானம். ராத்தாவின் முதுகில் விழுந்த முதல் அடிக்கு அவள் கத்தவில்லை. ஏன் என்று விளங்காதவள் போல அவரை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்தது தோளில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

நான் கிணற்றைச் சுற்றிக் கொட்டிலுக்கு ஓடினேன். வாப்பாவும் உம்மாவும் சோற்றுக்கு முன்னால் இருந்தார்கள். வாப்பாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றிருந்தது. அவர் பயந்தவர் அல்ல. வயலுக்குள் யானை இறங்கியபோது தீப்பந்தத்தோடு தனியாகப் போனவர். ஆனால் அன்று எழும்பவில்லை. வயலில் வேளாண்மை வெட்டு முடியட்டும், மாப்பிள்ளையோடு ஆறுதலாகக் கதைக்கிறேன் என்றார். கொட்டிலுக்குக் கூரை மாற்றுவதையும், கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவதையும் அவர் இப்படித்தான் சொல்லி வந்தார். உம்மா அதைச் சோம்பல் என்று ஏசுவாள். அது சோம்பல் இல்லை என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாத பாரத்தை மனிதன் நாளை என்ற இடத்தில் இறக்கி வைக்கிறான்.

உம்மாவிடம் வேறொரு நாளை இருந்தது. ஒரு பிள்ளை கிடைத்தால் ஆண்பிள்ளைக்கு மனது இளகும் என்றாள். வாப்பா யாரிடமோ வாய்விட்டதைக் கேட்டுப் பள்ளிவாசல் நிர்வாகத்துப் பெரியவர் ஒருநாள் வந்தார். தேநீர் குடித்தார். மாப்பிள்ளை முதல் வரிசையில் நின்று தொழுகிறவர், பொம்புளப் புள்ளதான் கொஞ்சம் அனுசரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்தாவும் நாளை என்றுதான் சொன்னாள். காலையில் கிணற்றடியில் துணி கும்மும்போது அவள் வாய் அசைந்துகொண்டே இருக்கும். ஓதுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். "நீங்க போங்க. நீங்க போங்க" என்று கிணற்றுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "நாளைக்கிச் சொல்லிருவன்" என்றாள். பொழுது பட மச்சானின் சைக்கிள் மணி கேட்கும். அவள் வாய் திறக்கும், மூடும். சத்தம் வராது. அவர் தேநீர் கேட்பார், அவள் எடுத்துக் கொடுப்பாள். அதற்குள் அவள் வயிற்றில் பிள்ளை உண்டாகியிருந்தது. இனி அடிக்க மாட்டார் என்று உம்மா ஊரெல்லாம் நேர்ச்சைச் சோறு கொடுத்தாள்.

பிள்ளை உண்டான வயிற்றோடுதான் அடுத்தது நடந்தது. காலை நேரம். ராத்தா அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கரிப்பெட்டிக்குள்ளிருந்து காற்று ஒரு நெருப்புப் பொறியைக் கிளப்பிச் சட்டையின் நெஞ்சில் போட்டது. கடுகளவு ஓட்டை. மச்சான் சட்டையைத் தூக்கி அந்த ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து இஸ்திரிப் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினார். தோல் கருகும் வாசம் என் மூக்கில் இன்னும் இருக்கிறது, இறைச்சி வாட்டும் வீடுகளில் என்னால் இருக்க முடியாது. அவள் கையைப் பறித்துக்கொண்டு திரும்பியபோது இடுப்பில் உதைத்தார். ராத்தா வாசற்படியின் விளிம்பில் வயிறு பட விழுந்தாள். அவர் வேறு சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

ஆசுபத்திரியில் உம்மா, மகள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னாள். பெரியவர்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று. வயிற்றில் இருந்தது தங்கவில்லை. ஒரு வெள்ளைச் சீலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். வாப்பா வளவின் மூலையில் மண்வெட்டியால் குழி வெட்டினார். அன்றைக்கு மட்டும் அவர் எதையும் தள்ளிப்போடவில்லை.

ராத்தா கொட்டிலில் சில நாள் படுத்துக் கிடந்தாள். எரிந்த கைக்குத் துணி சுற்றியிருந்தது. பிறகு எழும்பிப் பெரிய வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். அறை கூட்டாமல் கிடந்தது. நிலத்தில் மச்சானின் சீப்பு விழுந்து கிடந்தது. மாட்டுக்கொம்பில் செய்த, தேனின் நிறமுள்ள சீப்பு. இப்போது அப்படிச் சீப்பு எங்கும் கிடைப்பதில்லை. ராத்தா அதை எடுத்து வழக்கமான தட்டில் வைக்கப் போனாள். கை பாதியில் நின்றது. திரும்பி முன்வாசலைத் தாண்டி விறாந்தைக் குந்துத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் நெற்றியில் வியர்வை ஓடியது.

என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"போங்க எண்டு சொல்ல எனக்கு ஏலா புள்ள" என்றாள். "சீப்ப வெளிய வைக்க ஏலும்."

பின்னேரம் மச்சான் வந்தார். சீப்பைத் தேடினார். குந்தில் கண்டதும் எடுத்துத் தலை வாரி, கண்ட இடத்திலேயே திருப்பி வைத்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அடுப்படிக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற ராத்தா என் கையை அழுத்திப் பிடித்திருந்தாள். ஏதோ பெரிய காரியம் நடந்துவிட்டது போல இருந்தது அவள் பிடி.

அதன் பின் அவருடைய முகம் பார்க்கும் கண்ணாடி வெளியே போனது. வெளிச்சத்தில் சவரம் செய்ய வசதி என்றாள். பிறகு சவரக் கத்தியும் சவர்க்காரமும். சாய்மனைக் கதிரை போனது. றேடியோ போனது. ஒரு சாமான் வெளியே போய் அவர் கண்ணுக்கு அது பழகும் வரைக்கும் அடுத்ததைத் தொடமாட்டாள். நான் அவசரப்பட்டால் முறைப்பாள். அடிகள் நிற்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தேநீர் ஆறியதற்கு அடி, நேரம் கழித்துப் பதில் சொன்னதற்கு அடி. கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதியதில் அவள் காதுக்குள் பல நாள் இரைச்சல் இருந்தது. அடி வாங்கிய மறுநாளும் அவள் எழும்பி ஏதாவது ஒன்றை எடுத்து வைத்தாள். ஒன்றும் ஏலாத நாளில், வெளியே இருந்ததைத் துடைத்து இன்னும் ஓர் அடி தள்ளி வைத்தாள்.

மச்சானுக்கு அது பிடித்திருந்தது. விறாந்தையில் காற்று வரும். சாய்மனைக் கதிரையில் கால் நீட்டி றேடியோ கேட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கு ஸலாம் சொல்வார். மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் ராசமரியாதை என்று தெரு கதைத்தது. அடித்து வளைத்தால் பெண் எப்படித் தாங்குகிறாள் பார் என்று அவரும் நினைத்திருப்பார். இவளுக்குச் சூடு சுரணை இல்லை, அடிக்கிறவனுக்குக் கதிரை தூக்கிப் போடுகிறாள் என்று உம்மாவே தலையில் அடித்துக்கொண்டாள். ராத்தா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

ஒருமுறை காரியம் பிழையாகிவிட்டது. பொறுமை கெட்டு ஒரே நாளில் அவருடைய சாறன்கள், சட்டைகள் எல்லாவற்றையும் அலுமாரியிலிருந்து எடுத்து விறாந்தைக் கொடியில் போட்டுவிட்டாள். மச்சான் சைக்கிளை விட்டு இறங்கி அந்தக் கொடியைப் பார்த்தார். குந்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே போய்க் கோலை எடுத்தார். அன்றைக்கு ராத்தா விழுந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. நான் குறுக்கே போய் நின்றேன். கெண்டைக்காலில் விழுந்த அடியில் தோல் வெடித்தது. தழும்பு இன்னும் கிடக்கிறது. நான் சேற்றில் கண்ணாடி மிதித்தேன் என்றுதான் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொன்னேன்.

ராத்தாவை எழுப்பி, எல்லாச் சாமானையும் அவளையே உள்ளே தூக்கி வைக்கச் சொன்னார். அவள் தூக்கி வைத்தாள். வாயில் இரத்தம் வழிய, கதிரையைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வாப்பா கொட்டில் வாசலில் நின்று, வெட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்று காற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும் முன் பெரிய வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். குந்தில் சீப்பு இருந்தது.

மீண்டும் கண்ணாடி. மீண்டும் சவர்க்காரம், கதிரை, றேடியோ. இம்முறை இன்னும் ஆறுதலாக, நாட்களை விட்டு விட்டுச் செய்தாள். சாறன்களை அவள் தொடவில்லை. அவர் குளித்து வந்து ஒன்றைக் கொடியில் போட்டால் அதை எடுத்து உள்ளே வைக்காமல் விட்டாள், அவ்வளவுதான். ஒவ்வொன்றாகக் கொடியில் தங்கின. பிறகு சூடு இன்னும் ஏறியது. ஓட்டுக்குக் கீழே படுக்க முடியாமல் ஒருநாள் மச்சானே கடைப் பையன்கள் இருவரைக் கூட்டி வந்து தன் கட்டிலை விறாந்தைக்குத் தூக்கச் சொன்னார். உடுப்புப் பெட்டியைக் கட்டில் தலைமாட்டில் வைக்கச் சொன்னதும் அவர்தான். ராத்தா குசினிக் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று நான் கேட்கவில்லை.

முன்கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் கிடையாது. முதல் அடி விழுந்த கையோடு, இனி அவள் வீட்டுக்குள் பூட்டிக்கொள்வாளோ என்று மச்சான் அதைக் கழற்றி எறிந்திருந்தார். பக்கத்து வளவில் மரவேலைக்கு வந்த ஓடாவியை ராத்தா கூப்பிட்டாள். முதல் நாள் நிலையில் துளை மட்டும் போடச் சொன்னாள். சில நாள் கழித்துக் கொண்டி. அதற்கும் பிறகு தாழ்ப்பாள். புது இரும்பு மினுங்காமல் இருக்கக் கரியையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினாள். அதைப் போட்டுப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுவிடும் என்று பயம்.

இப்போது வீட்டுக்குள் அவருடையது என்று சொல்ல மிஞ்சியிருந்தது அந்த இரும்புக் கோல் ஒன்றுதான். ராத்தாவுக்கு அதைத் தொடக் கை வரவில்லை. கிட்டப் போவாள், திரும்புவாள். சுவரின் அந்தப் பக்கத்தைக் கூட்டக்கூட மாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், மச்சான் குளித்து ஜும்ஆவுக்குப் புறப்பட்ட பிறகு, அவள் அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது கோல் கையில் இருந்தது. பாம்பைப் பிடித்தவள் போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். அதையும் விறாந்தையில் பெட்டியின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அதை வெளியே வைத்தது மடத்தனம் என்று வாப்பா சாகும் வரைக்கும் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பல வருஷம் கழித்துக் கேட்டேன். "அவர்ட சாமான்தானே" என்றாள்.

சோறு சமைத்து, மீன் ஆணம் காய்ச்சி, விறாந்தையில் பாய் விரித்து எல்லாவற்றையும் மூடி வைத்தாள். என்னை உள்ளே இழுத்துக்கொண்டு பின்கதவைச் சாத்தி உரலைத் தள்ளி முட்டுக்கொடுத்தாள். முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

மச்சான் தொழுகை முடிந்ததும் வேகமாக வந்துவிட்டார். சோற்றைக் கண்டு உட்கார்ந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூச்சை அடக்கி நிற்க, அவர் முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. இன்னொரு முறை தள்ளினார்.

"கதவத் திற" என்றார். கடையில் துணி காட்டும் அதே மெதுவான குரல்.

ராத்தா முதுகைக் கதவில் சாய்த்து, ஒரு கையால் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தாள். வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

"திறக்க மாட்டன். இது என்ட ஊடு. நீங்க போங்க."

அவர் சிரித்தது கேட்டது. பிறகு முதல் உதை விழுந்தது. கதவு அதிர்ந்து ஓட்டிலிருந்து மண் கொட்டியது. தாழ்ப்பாள் தாங்கியது. அவர் யன்னலுக்கு வந்தார். மரக் கம்பிகளின் வழியாக ஒரு கண் எங்களைப் பார்த்தது. அடுத்து இரும்புக் கோல் உள்ளே வந்தது. கதவை ஒட்டிய யன்னல், கோலுக்கு ராத்தா எட்டும் தூரத்தில்தான் நின்றாள். தாழ்ப்பாளைப் பிடித்திருந்த கையில் குத்தினார், வீசினார், மீண்டும் வீசினார். தென்னை மட்டை முறிவது போல ஒரு சத்தம். ராத்தா கத்திய கத்தலில் என் காது அடைத்தது. அந்தக் கை கீழே தொங்கியது. மற்றக் கையால், இஸ்திரி சுட்ட கையால், தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். நான் என் முழு உடம்பையும் கதவில் கொடுத்து நின்றேன். அவர் இப்போது கதவையே கோலால் வெட்டினார். பலகை பிளந்து சிராய் என் முகத்தில் தெறித்தது. அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நான் அதற்கு முன் கேட்டதில்லை, எழுதவும் மாட்டேன்.

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் நின்று கதைத்திருந்தவர்களும் கலைந்து தெருவில் வந்துகொண்டிருந்த நேரம் அது. தொப்பியோடு ஒவ்வொருவராக வேலிக் கடப்படியில் நின்றார்கள். புடவைக் கடையில் சத்தமாகத் தும்மக்கூட மாட்டாத மனிதர், வாயோரம் நுரை தள்ள இரும்பால் ஒரு பெண்ணின் கதவை வெட்டுவதைப் பார்த்தார்கள். வாப்பாவும் அந்தக் கூட்டத்தில் நின்றார். பிளந்த பலகையின் இடுக்கால் அவரைக் கண்டேன். இரண்டு கையும் நெஞ்சில், தொழுகையில் கட்டியது போலவே கட்டியிருந்தார்.

முதலில் வளவுக்குள் வந்தது கடை முதலாளி. இரண்டு இளைஞர்கள் மச்சானைப் பின்னாலிருந்து பிடிக்க, முதலாளி அவர் கையிலிருந்ததைப் பறித்தார். பார்த்தார். "இது என்ட கடைக் கோல் எலுவா" என்றார். அதன் நுனியில் இரத்தம் இருந்தது. சாறனில் துடைக்கப் போய், துடைக்காமல் நிறுத்தினார். பள்ளிவாசல் பெரியவர், தெருவில் நிற்காமல் உள்ளே போய்க் கதைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். மச்சானும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"என்ட சாமான் எல்லாம் உள்ளுக்கு. கதவத் திறக்கச் சொல்லுங்க."

முதலாளி விறாந்தையைச் சுற்றிப் பார்த்தார். கட்டில், பெட்டி, கொடியில் சாறன்கள், கதிரை, றேடியோ, கண்ணாடி, குந்தில் சீப்பு.

"உள்ளுக்கு இன்னும் என்ன இரிக்கி?" என்று கேட்டார்.

மச்சான் வாய் திறந்தார். அவரும் சுற்றிப் பார்த்தார். அந்த முகத்தை இடுக்கால் நான் பார்த்தேன். தான் எங்கே குடியிருக்கிறார் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. யாரோ மாட்டுவண்டியைத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். சாமான் ஏற்ற அதிக நேரம் எடுக்கவில்லை. ஏற்றி முடிந்து வண்டி தெற்குப் பக்கம் அவருடைய ஊருக்குப் போகும் சத்தம் மறைந்த பிறகுதான் ராத்தா தாழ்ப்பாளை விட்டாள். விட்டதும் மயங்கி விழுந்தாள்.

பாண்டிருப்பில் முறிவு கட்டும் பரியாரியிடம் கொண்டு போனோம். எப்படி முறிந்தது என்று அவர் கேட்டதும் பழக்கதோஷத்தில் உம்மா, கிணத்தடியில என்று தொடங்கினாள். ராத்தா கண்ணைத் திறக்காமலே, "மாப்பிள்ளை அடிச்சது" என்றாள். பரியாரி உம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு மூங்கில் சிம்புகளை வைத்துக் கட்டத் தொடங்கினார். எலும்பு பொருந்தியது, ஆனால் கை நேராகவில்லை. கடைசி வரைக்கும் அந்தக் கையால் அவளுக்குத் தலைக்கு மேலே எதையும் எட்டி எடுக்க முடியாது. அவள் மறுபடி கலியாணம் முடித்ததும், மூன்று பிள்ளைகளை அந்த வீட்டிலேயே வளர்த்ததும், போன நோன்புக்கு முந்திய நோன்பில் மவுத்தானதும் உங்களுக்குத் தெரியும். மையித்து வீட்டுக்கு நீங்கள் வந்தீர்கள். அந்தக் கை ஏன் கோணல் என்று கஃபன் சீலை இட்டவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டதை நான் கேட்டேன்.

ஆனால் வண்டி போன அன்றோடு காரியம் முடியவில்லை. மாப்பிள்ளை வருந்துகிறார், வருகிற வெள்ளிக்கிழமை கூட்டி வந்து சேர்த்து வைப்போம் என்று பள்ளிவாசலிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன் குடும்ப வழக்குக் கேட்கும் காதியாரிடம் போய் மணவிலக்குக் கேட்டு முறையிட வேண்டும். வாப்பா கூடப் போக வேண்டும். வாப்பா கொட்டில் வாசலில் குந்தியிருந்தார். வயலில் வெட்டு தொடங்கியிருந்தது. கை ஆறட்டும் மகள் என்றார். காற்று விழட்டும் என்றார். வெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்த கையோடு நானே போகிறேன் என்றார். மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை ராத்தா கழுத்தில் தூளி கட்டிய கையோடு கொட்டிலுக்கு வந்தாள். கூரைச் சாய்வின் கீழே கிடந்த வாப்பாவின் செருப்பைக் காலால் தள்ளி அவர் முன்னால் வைத்தாள்.

"செருப்பப் போடுங்க வாப்பா."

"எங்க மகள்?"

"எங்கயும் இல்ல. செருப்ப மட்டும் போடுங்க."

 வாப்பா ஒரு காலை நுழைத்தார். மற்றக் காலை நுழைத்தார். செருப்போடு குந்தியிருக்க முடியாது போலும், எழும்பி நின்றார். கடப்படி வரைக்கும் வாருங்கள் என்றாள். வந்தார். தெரு முடக்கு வரைக்கும் என்றாள். காற்று முகத்தில் மண்ணை வாரி அடித்தது. வாப்பா தன் சால்வையை எடுத்து ராத்தாவின் முறிந்த கையின் மேல் போர்த்தினார். நான் பின்னால் நடந்தேன். கடைத்தெருவைத் தாண்டினோம். புடவைக் கடை வாசலில் நின்ற முதலாளி எங்களைக் கண்டு உள்ளே போனார்.

காதியாரின் வீட்டு வாசலில் வாப்பாவின் கால் நின்றுவிட்டது. உள்ளே ஆட்கள் கதைக்கும் சத்தம் கேட்டது. அவர் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தார். வண்டி போன நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இனி என்ன மகள் செய்ய?" என்று கேட்டார்.

"செருப்பக் கழட்டுங்க வாப்பா" என்றாள் ராத்தா.